நாற்பத்தைந்து ஸ்பூன் பாக்கி

திங்கட்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு என் அண்ணன் பாயில் எழுந்து உட்கார்ந்து, தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். அங்கிருந்து யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு ஓடினான். அன்றைக்குப் பத்தரை மணிக்கு அவனுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. என் பாய் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே இருந்ததால் மணியை நான் பார்த்தேன். இன்றுவரை எந்தக் கடிகாரத்தில் ஆறு பத்தைப் பார்த்தாலும் வாளி எங்கே என்று ஒரு தடவை தேடுவேன்.

பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடக்கும் என் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நேற்று என் மகளுக்குப் பரீட்சை தொடங்கியது. இரண்டு இட்லி கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் அவற்றை நான்கு முறை முகர்ந்து பார்த்தேன். சட்னி வைக்கவில்லை, தேங்காய் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. போன வாரம் கீரைக்கார அம்மா, பாப்பாவுக்குப் பரீட்சை என்று கேள்விப்பட்டு, ஒரு கட்டு வல்லாரையை இலவசமாகவே பையில் திணித்து அனுப்பினாள். அதை நான் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. லிஃப்டிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். "ஏம்மா இப்படிப் பண்றீங்க?" என்று மகள் கேட்கிறாள். காரணம் இதுதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. மைசூரில், எட்டு வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வட்டாராவில் இருந்தோம். எட்டு வீட்டுக்கும் ஒரு குழாய், இரண்டு கழிப்பறை. மாடியில் வீட்டுக்கார அம்மா. அப்பா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பிரிவில் வேலை பார்த்தார். அம்மாவுக்கு ஊர் கொள்ளேகாலுக்கு அப்பால் ஹனூர். பரீட்சைக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது சித்திக்குப் பிரசவம் என்று அம்மா ஹனூருக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள்.

"ஏனுங்க, ரசஞ்சோறு போதும். புதுசா எதையும் செஞ்சு கிஞ்சு என்ற பையன் வாயில ஊட்டாதீங்க."

"நான் எதுக்குச் செய்யறேன்?" என்றார் அப்பா. அப்போதே அவருடைய சட்டைப் பையில் வாரப்பத்திரிகையிலிருந்து கத்தரித்த மூலிகைக் குறிப்புகள் ஏழெட்டு இருந்தன.

முதலில் சத்துமாவு. பதினாறு தானியத்தை அப்பா ஒவ்வொன்றாக வறுத்தார். வாசனைக்கு வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. மாவு மில்லில் மிளகாய் அரைத்த கையோடு நம்முடையதைப் போட விடக்கூடாது, ராகி அரைத்த பிறகுதான் போடச் சொல்ல வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி என்னை அனுப்பினார். ராகி கொண்டுவருபவர் யாருமே வரவில்லை. ஒரு மணி நேரம் நின்றேன். என் தோழிகள் அங்கே கோலி ஆட ஆரம்பித்திருப்பார்கள். பேசாமல் மிளகாய்க்குப் பிறகே போட்டு வாங்கிவந்தேன். மறுநாள் காலையில் கஞ்சியைக் குடித்த அண்ணனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. அப்பா திருப்தியோடு தலையாட்டினார். "பாத்தியா, உள்ள இருக்கற கெட்ட நீரெல்லாம் வெளிய வருது."

அதற்குப் பிறகு தலைக்கு எண்ணெய். கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சியது. அந்த இரும்புச் சட்டி இப்போது யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை; அடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, வைத்தால் ஒரு குழந்தை போலச் சாய்ந்து உட்காரும். பம்பு அடுப்பு உஸ்ஸென்று இரைய, அதன்மேல் பச்சை எண்ணெய் சடசடக்கும். அண்ணனின் தலையணை பச்சை, காலர் பச்சை, வியர்த்தால் நெற்றி பச்சை. பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் "கிளி" என்று பேர் வந்தது. கன்னடத்தில் கூப்பிட்டாலும் அவனுக்கு அது தமிழில்தான் வலித்தது.

இதெல்லாம் எதற்கு என்றால், அண்ணனுக்குக் கணக்கு நினைவில் நிற்கவில்லை என்பது அப்பாவின் முடிவு. பலகையில் போட்ட கணக்கை அவன் தப்பாக எழுதிக்கொண்டு வருவான். எட்டு மூன்றாகியிருக்கும், ஆறு பூஜ்யமாகியிருக்கும். நினைவாற்றல் போதவில்லை என்று அப்பா சொன்னார், வாத்தியாரும் சொன்னார். உயரம் என்பதால் அவனைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். அவனுக்குப் பலகையே தெரியவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கண்ணாடி போட்ட அன்று அவன் வாசலில் நின்று, "சாமுண்டி மலையில படிக்கட்டு இருக்குது" என்று சொன்னான். பிறந்ததிலிருந்து அவன் அந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

ஆனால் அந்த வருடத்தில் அவனுக்குக் கிடைத்தது கண்ணாடி அல்ல, வல்லாரை லேகியம்.

மார்க்கெட்டுக்குள் இருக்கும் நாட்டு மருந்துக் கடையிலிருந்து அப்பா திப்பிலி, சுக்கு, ஏலம், கடுக்காய் எல்லாம் வாங்கிவந்தார். ஏரிக்கரைப் பக்கம் போய் ஒரு கோணிப்பை நிறைய வல்லாரை பறித்துவந்தார். மண்டியா வெல்லத்தைப் பாகு காய்ச்சி, கீரையை அரைத்து ஊற்றி, நெய் விட்டு, கை சலிக்கச் சலிக்கக் கிளறினார். கடைசியில், வயிறு சுத்தமாக இருந்தால்தான் மூளை சுத்தமாக இருக்கும் என்று கொஞ்சம் நிலவாகைப் பொடியையும் தூவினார். பேதிக்குக் கொடுக்கிற நிலவாகைதான். ஒரு ஸ்பூனில் அது ஒரு துளி இருக்கும், ஒன்றும் செய்யாது. எல்லாம் சேர்ந்து கறுப்பாக, தார் ரோடு போடும்போது வருகிற மினுமினுப்போடு ஒரு பரணி நிறைய வந்தது. பரணி என்றால் ஊறுகாய் போடுகிற பீங்கான் ஜாடி. கீழ்ப்பாதி வெள்ளை, மேல்பாதி தேன் நிறம். இரண்டு பேர் தின்றாலும் தீராத அளவு செய்திருந்தார்.

"ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள். காலையில வெறும் வயித்துல ஒரு ஸ்பூன். நடுவுல ஒரு நாள் உட்டாலும் பலிக்காது," என்றார் அப்பா. பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தெட்டாவது நாள். அப்படிக் கணக்குப் போட்டுத்தான் ஆரம்பித்தார்.

முதல் மூன்று நாள் அவரே பக்கத்தில் நின்று ஊட்டினார். நான்காம் நாள் அவருக்கு முதல் ஷிஃப்ட் வந்தது, ஞாயிற்றுக்கிழமைகூட ஓவர்டைம் என்று ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார். அதனால் என்னைச் சாட்சியாக்கினார். அண்ணன் சாப்பிட்டதும் நாள்காட்டியில் அந்தத் தேதிக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

நான்காம் நாள் காலையில் அண்ணன் ஸ்பூனை வாய்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தான்.

"கோடு போடு," என்றான்.

"நீ இன்னும் சாப்புடலயே."

"சைக்கிள் கத்துக்கொடுக்கறேன். குரங்குப் பெடல் இல்ல. சீட்டுல உக்காந்து."

நான் கோடு போட்டேன். நன்றாகவே போட்டேன். நாளுக்கு ஒன்று போடுவது சலிப்பாக இருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மிச்சம் எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து ஒரே மூச்சில் போட்டு முடித்தேன். சீட்டில் உட்கார்ந்து சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த ஒன்றரை மாதத்தில்தான். சாயங்கால வெயிலில் தெருக்கோடி ஆலமரம் தாண்டி நானே தனியாக மிதித்துப் போனபோது, என் வாழ்க்கையில் பொய்யால் ஒரு கெடுதலும் வராது என்று உறுதியாக நம்பினேன்.

பரீட்சைக்கு முந்தின வியாழக்கிழமை மதியம், கடைசி மூன்று நாளுக்கு லேகியம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அப்பா பரணியைத் திறந்தார். மேலே கட்டியிருந்த துணியை அவிழ்த்தவர் அப்படியே நின்றார். பரணி ததும்பிக்கொண்டிருந்தது. நடுவில் மூன்று ஸ்பூன் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம். பரணியைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், நாள்காட்டிக்குப் போனார். விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டே போய், வியாழக்கிழமையைத் தாண்டி, வெள்ளி, சனி, ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றார்.

"பாப்பா, வர்ற ஞாயித்துக்கெழமைக்கும் சாப்ட்டாச்சா?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"அது பொங்குதுப்பா," என்றேன். "எடுக்க எடுக்க ரொம்பிக்குது."

அப்பா பரணியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் அதை நம்பத் தயாராக இருந்தார் என்பதை நான் பார்த்தேன். தான் செய்த லேகியம் அப்படிப்பட்டதாகவும் இருக்கலாம் என்ற ஆசை அந்த முகத்தில் வந்து போனது.

அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. தரையில் உட்கார்ந்து என் பென்சிலை வாங்கிக்கொண்டார். ஸ்டோரில் சரக்கு குறைந்தால் அவர் எப்படி உட்காருவாரோ அப்படி.

"நாப்பத்தெட்டுல மூணு போனா நாப்பத்தஞ்சு ஸ்பூன் பாக்கி. கையில இருக்கறது மூணு நாள். நாளுக்குப் பதினஞ்சு. ஷிஃப்டுக்கு அஞ்சு." நிமிர்ந்து பார்த்தார். "ஓவர்டைம் பாத்து முடிச்சுருவோம்."

"அப்பா, வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்றான் அண்ணன்.

"கீரையும் வெல்லமும்டா. அதுல என்ன இருக்குது?"

"அப்ப நீங்க சாப்புடுங்க."

அப்பா இன்னொரு ஸ்பூனை எடுத்துவந்தார். "சரி. நீ ஒண்ணு, நான் ஒண்ணு. உனக்குக் கெட்டா எனக்கும் கெடட்டும்."

வெள்ளிக்கிழமையிலிருந்தே லீவு போட்டார். காலை ஐந்து, மதியம் ஐந்து, மாலை ஐந்து. இரண்டு பேரும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரே நேரத்தில் ஸ்பூனை வாயில் வைப்பார்கள். ஒரே நேரத்தில் கண்ணை மூடுவார்கள். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் நான் கோடு போட வேண்டும். இந்தத் தடவை உண்மையான கோடு. எனக்குத் தண்டனை அதுதான். ஒரு ஸ்பூன்கூட எனக்குக் கிடையாது. நான் குற்றவாளி என்பதால் ஆரோக்கியமும் எனக்கு மறுக்கப்பட்டது.

சனிக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. ஞாயிறு இரவு இரண்டு பேர் வயிற்றிலும் ஏதோ உருண்டது. பக்கத்துப் பாயிலிருந்து எனக்கே கேட்டது.

"அப்பா," என்றான் அண்ணன்.

"வேலை செய்யுது," என்றார் அப்பா.

மறுநாள் ஆறு பத்துக்கு அண்ணன் ஓடினான். ஆறு பதினைந்துக்கு அப்பா ஓடினார். எட்டு வீட்டுக்கு இரண்டு கழிப்பறை என்றேன். அதில் ஒன்றுக்கு ஒரு மாதமாகக் கதவு இல்லை. மிச்சமிருந்த ஒன்றின் முன்னால் காலை நேரத்து வரிசை. அண்ணன் வெளியே வந்து, வாளியை நிரப்பிக்கொண்டு நேராக வரிசையின் கடைசிக்குப் போனான். வரிசையில் நின்றுகொண்டே கணக்குப் புத்தகத்தைப் படித்தான். அப்பா அவனுக்கு இரண்டு ஆள் முன்னால். அவர் முறை வந்தது. கதவில் கையை வைத்துவிட்டுத் திரும்பி அண்ணனின் முகத்தைப் பார்த்தார். வாளியோடு நகர்ந்து, "நீ போ" என்று கையைக் காட்டி, கடைசியில் போய் நின்றார். இப்படி மூன்று தடவை. அப்பாவின் காதுகள் வெளுத்துப் போயிருந்தன. அந்த வயதில் அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

கடைசி வீட்டு டிரைவர் மாமா வேப்பங்குச்சியை மென்றுகொண்டே கேட்டார்: "ஏன் சார், அப்பனும் மகனும் ஷிஃப்ட் போட்டுக்கிட்டீங்களா?"

"உணவு மாத்தம்," என்றார் அப்பா.

"மாத்தம் நல்லாத்தான் வேலை செய்யுது போங்க. எங்களுக்குத்தான் வழியில்ல."

ஏழரை மணிக்கு அண்ணனுக்கு நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் அடுத்த வருசம் எழுதிக்கறேனே," என்றான். அவன் அழவில்லை. ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவன் போலச் சாதாரணமாகச் சொன்னான். அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் மாறியது. அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது. ஒரு வருடம் போனால் அது என்னால் போகிறது. சீட்டில் உட்கார்ந்து ஓட்டிய ஒவ்வொரு மிதியும் நினைவுக்கு வந்தது.

நான் மாடிக்கு ஓடினேன். வீட்டுக்கார அம்மா பூஜையில் இருந்தார்.

"ஏனு பாப்பா? என்ன ஆச்சு?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கோடு விஷயத்தையும் அப்பாவின் வயிற்றையும் தவிர. அவர் மணியைக் கீழே வைத்தார். எந்தக் குடித்தனக்காரரும் கண்ணால் கண்டிராத தன் வீட்டுக் கழிப்பறையை அண்ணனுக்குத் திறந்துவிட்டார். அண்ணன் மேலே போய் வந்து, "உள்ள கண்ணாடியெல்லாம் இருக்குது," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான். தெரிந்திருந்தால் அப்பாவையும் கூப்பிட்டிருப்பார். ஆனால் தனக்கும் அதேதான் என்று மேலே சொல்ல வேண்டாம் என்று, நான் படியேறும்போதே அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பேதிக்கு ஜாதிக்காய். அது அப்பாவுக்குத் தெரியும். அஞ்சறைப் பெட்டியில் ஒன்றே ஒன்று இருந்தது. அதைக் கல்லில் உரசி, மோரில் கலந்து அண்ணனுக்குக் கொடுத்தார். கொஞ்சம் கூடவே உரசினார். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. அதே நேரத்தில் மாடியில் வீட்டுக்கார அம்மாவும் ஒரு ஜாதிக்காயை உரசியிருக்கிறார். "ஜாஜிகாய் மஜ்ஜிகெ குடி மகனே, டக்குனு நின்னுடும்," என்று ஒரு டம்ளரை நீட்டினார். அண்ணன் முந்தின டம்ளரைப் பற்றி வாயே திறக்காமல் அதையும் குடித்தான். அன்றைக்கு யார் எதை நீட்டினாலும் அவன் குடிக்கும் நிலையில் இருந்தான்.

நின்றது. ஒன்பது மணிக்கு முழுவதுமாக நின்றது. ஒன்பதே காலுக்கு அவன் ஒரு கொட்டாவி விட்டான். ஜாதிக்காய் அளவு மீறினால் தூக்கம் வரும் என்று அப்பாவின் குறிப்புகளில் ஒன்றில் எழுதியிருந்தது. அதைப் பிறகுதான் படித்தோம்.

சைக்கிளில் அப்பா மிதிக்க, முன் கம்பியில் நான், பின்னால் அண்ணன். தேர்வு எழுதும் பள்ளிக்கூடம் ஊரின் அந்தப் பக்கம். துணைக்கும் ஹால்டிக்கெட்டைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளவும் என்னைக் கூட்டிப் போனார்கள்.  அப்பாவின் மூச்சு என் உச்சந்தலையில் பட்டது. அது மேட்டில் மிதிக்கிற மூச்சு அல்ல. மார்க்கெட் தாண்டியதும் சைக்கிளை நிறுத்தினார். எதிரே ஒரு லாட்ஜ். அதன் வாட்ச்மேன் அவருக்குத் தெரிந்தவர்.

"நீ மிதி. நேரா போ. நான் பின்னாலயே வர்றேன்," என்று ஹேண்டிலை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, நடக்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் போனார். அப்பாவை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அண்ணன் மிதித்தான். நான் பின்னால் உட்கார்ந்து அவன் முதுகில் குத்திக்கொண்டே வந்தேன்.

"ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்?"

"ஏ ஸ்கொயர்..."

"அப்பறம்?"

"அம்மா எப்ப வருவா?"

இன்னொரு குத்து விட்டேன். எதிரே வந்த டாங்கா வண்டிக் குதிரை எங்களைப் பார்த்துத் தானாகவே ஒதுங்கியது. "எங்கடா பாத்து ஓட்டற?" என்று வண்டிக்காரர் கன்னடத்தில் கத்தினார்.

"அண்ணா, எல்லாம் என்னாலதான்," என்றேன் அவன் முதுகிடம். "நான் கோடு போட்டிருக்கக் கூடாது."

"போடச் சொன்னது நான்தானே," என்றான். அப்புறம் ஒரு பெரிய கொட்டாவி. "குத்திக்கிட்டே வா. நிறுத்தாத."

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலை அடைந்தோம். ஹால்டிக்கெட்டைக் கையில் திணித்து உள்ளே தள்ளினேன். அவன் பாதி தூரம் போய், தப்பான கட்டடத்தை நோக்கித் திரும்பி, ஒரு வாத்தியார் தோளைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட, மறைந்தான். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினொரு மணிக்கு மேல் அப்பா நடந்தே வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உள்ள போயிட்டானா?"

"போயிட்டான்."

"எப்படிப் போனான்? தெம்பா?"

"தூங்கிக்கிட்டே."

நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு தடவை எழுந்து டீக்கடைக்குப் பின்பக்கம் போய்வந்தார். மூன்றாவது தடவை எழ முடியாமல் அப்படியே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கோடு விசயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், பாப்பா. அளவு தப்பிப் போச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

நான் சரி என்றேன். அன்றைக்கு அதை நான் என் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். என் மகளுக்காக நான் இப்படிச் சொல்லியிருப்பேனா என்று நேற்று பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்றபோது யோசித்தேன். சத்தியமாகத் தெரியவில்லை.

ஒன்றரைக்கு மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். அண்ணன் கடைசியில் வந்தான், கன்னத்தில் விடைத்தாளின் மடிப்பு பதிந்திருந்தது.

"எழுதிட்டேம்பா. கடைசிக் கணக்கு ஒண்ணுலதான் தூங்கிட்டேன். மத்ததெல்லாம் எழுதிட்டேன்." பிறகு, அவனுக்கே ஆச்சரியமாக, "பயமே வரல," என்றான்.

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்போதுதான் சாலையின் அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ நின்றது. வயர் கூடையோடு அம்மா இறங்கினாள். பரீட்சைக்கு முன்பே வந்துசேர வேண்டும் என்று முதல் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். கொள்ளேகாலில் பஸ் பழுதாகிவிட்டதாம். சாலையைக் கடந்து வந்து எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அண்ணனின் நெற்றியைத் தொட்டாள். என் முகவாயைத் தொட்டாள். அப்பாவைத் தொடவில்லை, குனிந்து பார்த்தாள்.

"அளவு கொஞ்சம் தப்பிப் போச்சு," என்றார் அப்பா.

அம்மா கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கம் கையை நீட்டினாள்.

"பரிச்சை எழுதுனவன் பாஸான மூஞ்சியோட நிக்கிறான். நீங்கதான் ஃபெயிலான மூஞ்சியோட உக்காந்திருக்கீங்க. எந்திரிங்க, கஞ்சி வெச்சுத் தர்றேன்."